கொடுக்கக் கூசாத நாம் வாங்கக் கூசுவதேன்?

பிறர் உடுத்திய ஆடையை நாம் உடுத்துவது இழிவு. நாம் உடுத்திய ஆடையைப் பிறர்க்கு ஈவது புண்ணியம். இவ்விரண்டு எண்ணங்களையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு மனநிறைவோடு வாழும் வித்தை நமக்கு எப்படியோ கைவந்துவிட்டது. பழையது இழிவுடையது என்றால், அவ்விழிவைப் பிறர் தோளில் போர்த்துவது எங்ஙனம் அறமாகும்? பழையது நற்பொருளே என்றால், அதனை விலை கொடுத்து வாங்கி நாமே பயன்கொள்ள ஏன் நாணுகிறோம்? இலக்கியம் பேச வேண்டிய சங்க மலரில் பழந்துணியும் பழம்பாத்திரமும் பேசுவதா என முகம் சுளிப்பாரும் உளர். அவர்க்கு நாம் சொல்வது இதுவே: ஒரு சமுதாயத்தின் பண்பாடு அதன் மேடைப் பேச்சில் மட்டும் தெரிவதன்று, அது எதனை எறிகிறது, எதனை ஏற்கிறது என்பதிலும் தெரியும்.

கட்கியில் நாம் குடியேறிய வகை

கட்கி என்னும் ஊர்ப்பெயர், 1817 நவம்பர் 5 அன்று பேஷ்வாவின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் நிகழ்ந்த போரால் வரலாற்று நூல்களில் ஏறியது. அதன்பின் இங்கே படைமுகாம் அமைந்தது. 1869-இல் வெடிபொருள் தொழிற்சாலை எழுந்தது. பம்பாய்ப் பொறிப்படையின் தலைமையிடமும் இதுவேயாயிற்று. படைவீரராகவும் தொழிலாளராகவும் எழுத்தராகவும் இரயில்வே ஊழியராகவும் தமிழர் இவ்வூர்ப் பக்கம் வந்து சேர்ந்தனர். வந்தவர் கொண்டுவந்தது என்ன? ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், ஊறுகாய்ச் சாடி ஒன்று. அவ்வளவே.

அவர்கள் இல்லம் அமைத்த விதத்தைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். மாற்றலாகிப் போகும் குடும்பம் விட்டுச்சென்ற கட்டிலும் நாற்காலியும் வரும் குடும்பத்தின் கைக்கு வந்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் படைத்துறை தன் தேவைக்கு மேற்பட்ட பொருள்களை ஏலத்தில் விற்றது. 'டிஸ்போசல்' என்னும் சொல் நாடெங்கும் வீட்டு வழக்காயிற்று. தடித்த கம்பளியும் தோல் பெட்டியும் நீர்க்குடுவையும் அவ்வழியே ஏழை எளியவர் வீடுகளில் புகுந்தன. அண்ணன் சட்டை தம்பிக்கு, தம்பி சட்டை கடைசிப் பிள்ளைக்கு, அதன்பின் அதுவே அடுப்படிக் கரித்துணி. இவற்றுள் எதையும் நம் மூத்தோர் அவமானம் எனக் கருதியதில்லை. சிக்கனத்தால் மிஞ்சிய காசுதான் ஊருக்கு மணியார்டராகச் சென்றது. அதுதான் நம்மைப் படிக்க வைத்தது. அப்படிப் படித்த நாம்தாம் இன்று பழையது என்றால் மூக்கைப் பொத்துகிறோம்.

விலை உயர்ந்த பழசும் விலை குறைந்த பழசும்

நம் நாணத்தின் உண்மை முகத்தை முதலில் கண்டுகொள்வோம். ரேஞ்ச் ஹில்ஸ் பக்கம் ஒருவர் இரண்டாம் கை மோட்டார் வண்டி வாங்குகிறார். அவரை நாம் வாழ்த்துகிறோம். எந்த மாதிரி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஆவலோடு உசாவுகிறோம். இன்னொருவர் பிறர் குடியிருந்த அடுக்குமாடி வீட்டை வாங்குகிறார்; பால் காய்ச்சி உண்டு மகிழ்ந்து திரும்புகிறோம். பாட்டியின் அட்டிகையை மணமகள் அணிந்து வந்தால் அதன் வேலைப்பாட்டைப் புகழ்கிறோம். ஆனால் வேறொருவர், ஞாயிறும் புதனும் கூடும் சந்தை எனப் பெயர்பெற்ற புனேயின் ஜூனா பஜாரில் நல்ல மரநாற்காலி ஒன்றைத் தேடி வாங்கி வந்தால் மட்டும் நம் குரல் தாழ்கிறது. 'என்ன கஷ்டமோ' என்கிறோம்.

வண்டியும் பழையது; வீடும் பழையது; அட்டிகையும் பழையது; நாற்காலியும் பழையது. முதல் மூன்றிலும் இல்லாத இழிவு நான்காவதில் எங்கிருந்து வந்தது? ஆகவே நம் வெறுப்பு பழமையின்மீது எழுந்ததன்று. வறியவர் என்று பிறர் நம்மை எண்ணிவிடுவரோ என்னும் அச்சமே அது. அதற்குத் தூய்மை என்றும் சகுனம் என்றும் தகுதி என்றும் பல பெயரிட்டு வழங்குகிறோம்.

கடல் கடந்தால் இந்நோய் தானே நீங்கிவிடுவதும் வியப்பே. 1942-இல் கிரேக்க நாட்டுப் பஞ்சத்துக்கு உதவவெனத் தோன்றிய ஆக்ஸ்ஃபாம் அமைப்பு, 1940-களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டு நகரின் பிராட் தெருவில் கடை திறந்து, மக்கள் கொடுத்த பொருள்களை விற்று அறப்பணிக்குப் பணம் திரட்டியது. அமெரிக்காவில் அதற்கும் முன்பே, 1902-இல், பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் பாதிரியார் தொடங்கிய பணி குட்வில் என்னும் பேரமைப்பாக வளர்ந்தது. செல்வர் வீட்டுப் பழம்பொருளைத் திரட்டி, வறியவரைக் கொண்டு செப்பனிட்டு, அவர்க்குக் கூலியும் வாங்குவோர்க்கு மலிவும் கிடைக்கச் செய்த முறை அது. நம் பிள்ளைகள் அந்நாடுகளுக்குப் படிக்கச் சென்று அத்தகைய கடைகளில் குளிர்க்கால மேலங்கி வாங்கினால், 'எவ்வளவு பொறுப்பான பிள்ளை' என்று பூரிக்கிறோம். இலண்டனில் பொறுப்பாவது கட்கியில் எப்படி வறுமை ஆகும்?

போகித் தீயும் நன்னூலும்

இவ்விடத்தில் போகியைத் துணைக்கு அழைப்பவர் நம்முள் உளர். பழையதைக் கொளுத்துவது தமிழர் மரபு என்பர். பழையது கழிவதும் புதியது புகுவதும் இயல்பென்று நன்னூலே கூறிற்று என்று சான்றும் காட்டுவர். பவணந்தியார் அக்கருத்தைச் சொன்னது சொல்லதிகாரத்தின் முடிவில். காலப்போக்கில் வழக்கிறந்து போகும் இலக்கண வழக்குகளையும் புதிதாய் வந்து சேர்வனவற்றையும் பற்றி. நல்ல நிலையிலுள்ள பாயையும் பெட்டியையும் தெருவில் போட்டுக் கொளுத்த அவர் எங்கும் விதி வகுக்கவில்லை. ஓர் இலக்கண நூற்பாவை எரிபொருளாக்கிய பெருமை நம்மையே சாரும்.

வைக்கோற் பாயும் ஓலைக் கூடையும் மட்டுமே வீட்டில் இருந்த காலத்தில் போகித் தீ மண்ணுக்குச் சாம்பலை ஈந்தது. இன்று எரிவன டயரும் பிளாஸ்டிக்கும் செயற்கை இழைத் துணியும். 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகை சூழ்ந்ததால் சென்னை வானூர்தி நிலையத்தில் வானூர்திகள் இறங்க இயலாது வேற்றூர்களுக்குத் திருப்பப்பட்டதை நாடறியும். ஊரிலிருந்து அவ்வழக்கத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவர் நம்முள்ளும் உளர். இந்நாட்டவர்க்கும் அதே நாள் போகியே. ஆனால் நம் மராட்டிய அண்டை வீட்டார் அன்று செய்வதென்ன? பருவத்தில் விளைந்த காய்கறி பலவற்றையும் ஒரே பானையில் கூட்டிச் சமைத்து, எள் தூவிய கம்பு பாக்ரியோடு உண்கின்றனர். ஒரே பண்டிகை. ஒரு வீட்டில் எல்லாம் ஒன்றுகூடுகின்றன. மற்றொரு வீட்டில் எல்லாம் புகைந்துபோகின்றன.

மரபு என்றே பேசுவோமாயின், முழு மரபையும் பேசுதல் வேண்டும். பிறந்த குழவியை நம் பாட்டிமார் புத்தாடையிலா ஏந்தினர்? துவைத்துத் துவைத்து மென்மையேறிய பழந்துணியில் ஏந்தினர். மூத்த பிள்ளையின் சட்டையை அணிவித்தனர். பழைய நூற்புடவையில் தூளி கட்டினர். நம் உடல் தொட்ட முதல் துணியே பழந்துணிதான். கோயில் விளக்குக்குத் திரியானது பழைய வேட்டி. மராட்டியப் பெண்டிர் பழம்புடவைகளை அடுக்கித் தைக்கும் கோதடியைவிடக் கதகதப்பான போர்வை உண்டா? தீபாவளிக்கு ஒரு கோடித்துணி உடுப்பது மரபு. மாதந்தோறும் தீபாவளி கொண்டாடுவது மரபன்று, வாணிகம்.

புத்தாடையின் மறைந்த விலை

ஒரு சட்டையின் விலை கடைச்சீட்டில் எழுதியதோடு முடிவதில்லை. பருத்தி விளைவது முதல் ஆடை ஆவது வரை ஒரு பனியன் சட்டைக்குச் சுமார் 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்று உலக இயற்கை நிதியம் கூறிவருகிறது. அந்நீர் எங்கிருந்து வருகிறது, பின் எங்கே போகிறது என்பதை அறிய நாம் வேற்று நாட்டுக்குப் போக வேண்டுவதில்லை.

கோவை, திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் கலப்பது நொய்யலாறு. திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளின் கழிவு பல்லாண்டுகள் அதில் விடப்பட்டது. உழவர் பாசனத்துக்கெனக் கட்டப்பட்டு 1990-களின் தொடக்கத்தில் நிறைவுற்ற ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாய் மாறிற்று. அணை கட்டியது பயிர் வளர. அணைநீர் பட்டால் பயிர் கருகும் என்ற நிலை வந்தது. உழவர் வழக்காடினர். ஒரு துளிக் கழிவும் வெளியேறலாகாது என்ற நெறி நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. ஆறு கெட்டதற்கு ஆலை முதலாளி பொறுப்பு. கண்காணியாத அரசு பொறுப்பு. ஆனால் தேவையின்றி வாங்கி, இருமுறை உடுத்தி, பரணில் எறிந்த கைகளுக்கு மட்டும் பொறுப்பே இல்லையோ?

இங்கேயும் பார்ப்போம். கட்கியைத் தழுவி ஓடும் முளா ஆறு சற்றுத் தொலைவில் முட்டாவோடு கூடுகிறது. அக்கூடலுக்கு இவ்வூர் மக்கள் வழங்கும் பெயரும் 'சங்கம்' என்பதே. அச்சங்கத்தில் மிதப்பனவற்றைப் பாலத்தின்மீது நின்று நோக்கினால் நம் சங்கத்துக்கும் நாணம் வரும். புனே மாநகரின் குப்பை பல்லாண்டுகள் உருளி தேவாச்சி, ஃபுர்சுங்கி ஆகிய ஊர்களில் மலையாய்க் குவிந்தது. அவ்வூரார் தம் கிணற்று நீர் கெட்டதென்று மீண்டும் மீண்டும் தெருவில் இறங்கிப் போராடினர். நாம் 'எறிந்துவிட்டோம்' என்று சொல்லும் பொருள் எங்கும் போய்விடுவதில்லை. வேறொருவர் ஊருக்குப் போகிறது.

ஈகையின் பெயரால் எறிதல்

'நாங்கள் எறிவதில்லை, ஏழைக்குக் கொடுத்துவிடுகிறோம்' என்று நம்மவர் மார்தட்டுவர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தமிழகக் கரையைச் சூறையாடியபின் நிகழ்ந்ததை அவர்க்கு நினைவூட்டுகிறோம். நாடெங்கிலுமிருந்து வண்டி வண்டியாய்த் துணி நாகப்பட்டினக் கரைக்குச் சென்றது. கிழிந்தது, கறைபட்டது, துவைக்காதது, கடற்கரை வெயிலுக்குப் பொருந்தாத கம்பளி என எல்லாம் அதில் இருந்தன. வீடு இழந்து, வலை இழந்து, பிள்ளைகளை இழந்து நின்ற மீனவ மக்கள் அவற்றைத் தொட மறுத்தனர். துணிக்குவியல்கள் சாலையோரங்களில் வெயிலிலும் மழையிலும் கிடந்து மக்கின. எல்லாம் இழந்தவரிடமும் தன்மானம் எஞ்சியிருந்தது. எல்லாம் உடையவர் அனுப்பிய மூட்டையிலோ அது இல்லை.

அக்குவியல்களைத் திரட்டித் தரம் பிரித்துப் பயன்படுத்த முன்வந்தவற்றுள் கூன்ஜ் என்னும் அமைப்பும் ஒன்று. 1999-இல் தில்லியில் அதனைத் தொடங்கிய அன்ஷு குப்தா 2015-இல் மகசேசே விருது பெற்றார். அவ்வமைப்பு சிற்றூர்களில் துணியைப் பிச்சையாய் வழங்குவதில்லை. ஊரார் கூடிக் கிணறு தூர்வாரியோ பாதை அமைத்தோ தம் ஊருக்கு உழைக்கின்றனர். அவ்வுழைப்புக்குப் பரிசாகத் துணி வருகிறது. பெறுபவர் தலை நிமிர்ந்து பெறுகின்றனர். விலை கொடுத்தோ உழைப்புக் கொடுத்தோ பெற்ற பழம்பொருள் உடைமை ஆகிறது. இரக்கத்தால் வீசப்பட்ட பழம்பொருள் எச்சிலாகவே நிற்கிறது. துணி ஒன்றே; கைமாறும் முறையால் அதன் மதிப்பு வேறாகிறது.

ஆகவேதான் சொல்கிறோம்: கொடுப்பதில் பெருமை கொள்ளற்க. பரண் காலியாவதும் மனம் குளிர்வதும் கொடுப்பவர்க்கே ஆதாயம். பழையதை விரும்பி வாங்குவதே தேர்வு. அத்தேர்வில் நாம் இன்னும் உட்காரவே இல்லை.

மறுப்பார்க்கு மறுமொழி

நோய் ஒட்டும் என்பர் சிலர். வெந்நீரும் சோப்பும் வெயிலும் எதற்காக உள்ளன? விடுதிப் படுக்கையிலும் இரயில் கம்பளியிலும் உறங்கி எழுந்த பின்னும் நாம் உயிரோடுதான் இருக்கிறோம்.

புதியது வாங்காவிடில் நெசவும் தையலும் நலியும் என்பர் சிலர். இதனை எளிதில் தள்ளலாகாது. நம் உறவினர் பலர் அத்தொழில்களில் உள்ளனர். எனினும், விரைவில் கிழியும் ஆடையை மலிவாய் விற்கும் வாணிகத்தால் கைத்தறியாளர் வாழ்ந்தாரா, வீழ்ந்தாரா? இருபது ஆண்டு உடுக்கத்தக்க புடவைக்கு உரிய விலை கொடுப்பவரே நெசவாளியின் நண்பர். மேலும், பழையதைப் பேணும் ஊரில் தையற்காரர்க்கும் செருப்புத் தைப்பவர்க்கும் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்க்கும் மின்விசிறி பழுது பார்ப்பவர்க்கும் வேலை உண்டு. எறியும் ஊரில் அவர்களும் எறியப்படுகின்றனர்.

வசதியுள்ளவர் பழையதை வாங்கினால் ஏழையின் பங்கு குறையாதா என்பர் இன்னும் சிலர். கடையில் வசதியுள்ளவரும் நின்றால்தான் அங்கே நல்ல பொருள் வரும். ஏழைக்கு மட்டும் என்று பலகை எழுதிய கடைக்கு நாம் எதை அனுப்புவோம் என்பதை நாகைக் கரையில் கண்டோம்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. அது பழம்பொருளை ஆதரிப்பவர்க்கு உரியது. மலிவாய்க் கிடைக்கிறதென்று பத்துச் சட்டை வாங்குபவர் புதியது வாங்குபவரினும் சிறந்தவர் அல்லர். கானா நாட்டின் ஆக்ரா நகரிலுள்ள கண்டமாண்டோ சந்தை உலகின் பெரிய பழந்துணிச் சந்தைகளுள் ஒன்று. மேலை நாட்டு மக்கள் அறக்கடைகளில் கொடுத்த துணியில் விற்காது எஞ்சுவதில் பெரும்பகுதி அத்தகைய சந்தைகளுக்கே போகிறது. அங்கும் விலைபோகாதது சாக்கடையையும் கடற்கரையையும் அடைக்கிறது. 2025 ஜனவரியில் அச்சந்தையின் பெரும்பகுதி எரிந்து சாம்பலாகி, பல்லாயிரம் சிறு வணிகர் பிழைப்பு இழந்தனர். கொடுத்துவிட்டோம் என்னும் நிறைவு, மேலும் வாங்குவதற்கு அனுமதிச்சீட்டு அன்று. குறைய வாங்கு, நெடுநாள் பேணு, பின் கைமாற்று. இவ்வரிசை மாறலாகாது.

நாம் செய்யத்தக்கது

இதற்கு வழிகாட்டிகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டா. நம் வாசலுக்கே புதுப்பாத்திரக் கூடையோடு வந்து பழந்துணி கேட்கும் போஹாரீண் பெண்ணைக் கட்கியில் அறியாதவர் யார்? ஊரில் 'பழைய துணிக்குப் பாத்திரம்' என்று கூவி வந்த அதே வாணிகம். அவளிடம் ஒரு கிண்ணத்துக்காக அரைமணி நேரம் வாதாடும் நாம், அவள் தூக்கிச் சென்ற மூட்டை எத்தனை பேர்க்கு ஆடையாகிறது என எண்ணுவதில்லை. புனேயில் 1993-இல் காகிதமும் கண்ணாடியும் தகரமும் பொறுக்கி வாழ்ந்த உழைப்பாளர் ஒன்றுகூடிக் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து' என்னும் சங்கம் கண்டனர். அதன் வழியே பிறந்த 'ஸ்வச்' கூட்டுறவு 2008 முதல் மாநகராட்சியோடு உடன்படிக்கை செய்துகொண்டு வீடுதோறும் குப்பை திரட்டிவருகிறது. பழந்துணியும் பழுதான மின்பொருளும் தனியே திரட்டும் நாள்களையும் நடத்தியுள்ளது. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத பெண்கள் பலர் கூடி நடத்தும் சங்கத்தால் இயல்வது, பட்டதாரிகள் நிறைந்த தமிழ்ச் சங்கத்தால் இயலாதோ?

நாம் கேட்பது பெரிதன்று. ஓர் அறை, மாதம் இரு ஞாயிறு, அங்கே ஒரு பழம்பொருட் கடை. விதிகள் மூன்று போதும். நாம் உடுத்தத் துணியாததைக் கொடுத்தல் கூடாது. எதற்கும் விலை உண்டு. எல்லார்க்கும் ஒரே விலை, ஒரே வரிசை. சங்கத்தின் செயற்குழுவினர் முதலில் கொடுப்போராக மட்டுமன்றி முதலில் வாங்குவோராகவும் இருத்தல் வேண்டும். வரும் பணம் நம் பகுதிப் பிள்ளைகளின் கல்விக்கு ஆகுக. அதிலும் தமிழ்ப்பிள்ளை, மராட்டியப்பிள்ளை என்னும் பிரிவினை வேண்டா.

அக்கடையில் முதல் அலமாரி புத்தகத்துக்கு உரியதாகுக. நம் முதியோர் மறைந்தபின் அவர்தம் நூல்கள் எங்கே போகின்றன? பேரப்பிள்ளைகட்குத் தமிழ் படிக்க வராது. ரத்திக் கடைக்காரர்க்கு எழுத்தே தெரியாது. அகராதியும் உரைநூலும் பழைய மலர்களும் எடைக்கு விற்கப்பட்டுக் கூழாகின்றன. சென்னையில் 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், 1985 மே மாதம் தீக்கிரையாகும் வரை, வறிய மாணவர்க்கும் பெரும் புலவர்க்கும் பழைய நூல்களை வழங்கிய கருவூலமாய் இருந்தது. அங்கே நூல் வாங்கியோர் எவரும் பழைய நூல் என்று நாணியதில்லை. கிடைத்த நூலை மார்போடு அணைத்துக்கொண்டே வீடு திரும்பினர். மராட்டிய மாணவர்க்கு அப்பா பல்வந்த் சௌக் உண்டு. கட்கித் தமிழ்ப் பிள்ளைக்கு என்ன உண்டு? எடைக்குப் போகும் தமிழ்நூலைக் காப்பாற்ற இயலாத சங்கம், தமிழைக் காப்போம் என்று மேடையில் முழங்குவது யாரை ஏமாற்ற?

தமிழ்ப் பெருமக்களே! தகரப் பெட்டியோடு வந்தவரின் பிள்ளைகள் நாம். பிறர் பயன்படுத்திய கட்டிலில் உறங்கியே வளர்ந்தோம். அதனால் எவ்வகையிலும் தாழ்ந்தோம் அல்லோம். மண்ணும் நீரும் நமக்கு இரண்டாம் கையாகவே வந்தவை. முன்னோர் பயன்கொண்டு, கெடாமல் நம்மிடம் தந்துசென்றனர். அடுத்து வருவோர்க்கும் அவை அவ்வண்ணமே சென்று சேர்தல் வேண்டும். வரும் பொங்கலுக்கு முன்னாள் வீட்டில் ஒதுக்கும் நல்ல பொருளைத் தீயிலிடாமல் சங்கத்துக்குக் கொணர்க. கொணர்ந்தவர் வெறுங்கையோடு திரும்பாமல் அங்கிருந்து ஒன்றேனும் விலைகொடுத்து வாங்கிச் செல்க. யார் கொடுத்தது என்று அண்டை வீட்டார் கேட்டால், கடையில் வாங்கினோம் என்று உரத்த குரலில் சொல்க.